அப்ரண்டிஸ் பழுதுபார்த்த லிஃப்டில் முதலில் ஏறியவருக்கு

துணிவையே துணையாக்கித் துறையை நடத்திய தலைவியே! பட்டறைப் படிகளையெல்லாம் பாதம் நோக ஏறி இறங்கிய பண்பாளரே! வேலை தேடி வாடிய இளைஞர்களுக்கு வாசல் திறந்துவிட்ட வல்லவரே! இன்று பணி நிறைவு பெறும் எங்கள் இயக்குநர் அம்மா அவர்களே, வணக்கம்!

பாராட்டு மடல் என்றால் பத்துப் பண்புகளையாவது பாட வேண்டும் என்பார்கள். உங்களிடம் அந்தப் பத்தும் உண்டு. பதினோராவதாகக் கோபமும் உண்டு! ஆனால், இந்தச் சபையில் நாங்கள் வியந்து வியந்து சொல்ல விரும்புவது ஒரே ஒரு காலைப்பொழுதை.

நீங்கள் பொறுப்பேற்றபோது நாடெங்கும் தொழிற்பழகுநர் பயிற்சி என்ற பெயரில் என்ன நடந்தது? பட்டறையில் சேர்ந்த பிள்ளைகள் டீ வாங்கினார்கள், தரை பெருக்கினார்கள். ஆண்டு முடிவில் மண்டபத்தில் உட்கார்ந்து, பிரேக்கைச் சரிசெய்வது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். நாங்களும் சளைக்காமல் சான்றிதழ் கொடுத்தோம். அதை நம்பி வேலை கொடுக்கத்தான் ஆளில்லை.

நீங்கள் வந்தீர்கள், மண்டபத்தைப் பூட்டினீர்கள். பிள்ளைகள் உண்மையான வேலையைச் செய்ய வேண்டும், அதைத் தேர்வாளரே முதலில் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்றீர்கள். முடிதிருத்தப் பழகியவரிடம் தேர்வாளர் தலையைக் கொடுக்க வேண்டும். பிரேக் வேலை பழகியவர் சரிசெய்த பேருந்தில் ஏறிப் போக வேண்டும். தேர்வாளர்கள் பலருக்கு அந்த வாரமே காய்ச்சல் வந்தது வேறு கதை!

முதலாளிகள் சங்கம் சம்மதிக்காவிட்டால் திட்டத்தையே கைவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அப்படி ஆனால், பயிற்சியின் நடுவிலிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் தெருவில் நிற்பார்கள். கூட்டத்தில் சங்கத் தலைவர் எழுந்தார். லிஃப்ட் கம்பெனி நடத்துபவர். "பேசறதெல்லாம் சரிம்மா. உங்க அப்ரண்டிஸ் ரிப்பேர் பண்ண லிஃப்ட்ல நீங்க ஏறுவீங்களா?"

"ஏறுறேன். நீங்களும் கூட வாங்க" என்றீர்கள்.

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

நம் அலுவலகத்து லிஃப்ட், இழுத்து மூடும் கம்பிக் கதவு வைத்த பழைய லிஃப்ட், வெகுநாளாக முடங்கிக் கிடந்தது. பயிற்சி மாணவி ஒருவர் அதைச் சரிசெய்து, மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டியும் காட்டினார். பிறகு நீங்களும் தலைவரும் ஏறினீர்கள். கிளம்பிய லிஃப்ட், இரண்டு மாடிகளுக்கு நடுவே சட்டென்று நின்றது.

நாங்கள் படிக்கட்டில் நின்றிருந்தோம். "அப்பவே சொன்னேன், கேட்டாங்களா?" என்று கணக்கர் தலையில் கை வைத்தார். துணை இயக்குநர் தீயணைப்பு நிலையத்தை அழைக்கப் போனைத் தேடினார். "யோவ், என் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கய்யா! எனக்கு வேர்த்துக் கொட்டுது!" என்று உள்ளேயிருந்து தலைவர் அலறினார்.

உங்கள் குரல் மட்டும் கொஞ்சமும் உயரவில்லை. "யாரும் யாரையும் கூப்பிடாதீங்க. பரீட்சை இன்னும் முடியல. அந்தப் பொண்ணு பார்க்கட்டும்."

அம்மா! அந்தரத்தில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல எப்படி முடிந்தது உங்களால்?

மாணவி மேலே இயந்திர அறைக்கு ஓடினார். மோட்டாரில் குறையில்லை, வயரில் குறையில்லை. இறங்கி வந்து கம்பி இடுக்கு வழியாகக் கேட்டார். "மேடம், உள்கதவு முழுசா மூடியிருக்கா?"

திரும்பிப் பார்த்தீர்கள். பயத்தில் தலைவர் இறுக்கிப் பிடித்திருந்தது அந்தக் கதவைத்தான். பிடித்த பிடியில் கதவு லேசாக விலகியிருந்தது.

"சார், கையை எடுங்க. கதவு விலகினா லிஃப்ட் நிக்கணும். அந்த சேஃப்டிதான் முன்னாடி வேலை செய்யல, இப்ப செய்யுது."

"அடிப்பாவி! நீ ஒழுங்கா ரிப்பேர் பண்ணதாலயா நான் மாட்டிக்கிட்டேன்?"

கதவு மூடியது. லிஃப்ட் மேலே போனது. முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்த தலைவர் கேட்ட முதல் கேள்வி: "இந்தப் பொண்ணு மாதிரி இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?"

சங்கம் சம்மதித்தது. உங்கள் தேர்வு முறை நாடு முழுவதற்கும் விதியானது. சான்றிதழோடு வாசல் வாசலாக ஏறிய பிள்ளைகளை, இன்று முதலாளிகள் பயிற்சி முடியும் முன்பே வந்து கேட்கிறார்கள். வீட்டிலும் நீங்கள் இப்படித்தானாம். உங்கள் மருமகன் மாட்டிய ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப்போட்டு அத்தைதான் முதலில் உட்கார்ந்தார் என்று அவரே சொன்னார். "அவங்க நம்பிட்டாங்க. எனக்குத்தான் பக்குனு இருந்துச்சு" என்றார் பாவம்!

லிஃப்டில் ஏறிய அன்று மதியம் உங்களிடம் கேட்டோம். "பயமா இல்லையாம்மா?"

"இல்லாமயா? கால் ரெண்டும் நடுங்குச்சு. ஆனா நானே வேற ஆளைக் கூப்பிட்டுட்டா, நாளைக்கு அந்தப் பொண்ணை யாரு நம்பி வேலைக்குக் கூப்பிடுவாங்க?"



அஞ்சாத அன்னையே! மூட்டு வலி விட்டு விலகவும், மனம் போல் தூங்கவும், மகளும் மருமகனும் மகிழ்ந்திருக்கவும், நிறைந்த நலத்தோடு நெடுங்காலம் நீங்கள் வாழ மனமார வாழ்த்துகிறோம். நாளைக் காலையும் தேர்வு இருக்கிறது. உங்கள் இடத்தில் நாங்கள் ஏறுவோம். கால் நடுங்கத்தான் செய்யும், ஆனாலும் ஏறுவோம்.

வியப்பும் நன்றியும் குறையாத,
தொழிற்பழகுநர் பயிற்சித் துறைப் பணியாளர்கள்