ஏழாவது பாட்டில் லிஃப்ட் சத்தம்

நான் மேலே எழுதியுள்ள விலாசத்தில், இரண்டாவது மாடியில், என் மனைவியோடும் கல்லூரியில் படிக்கும் மகளோடும் குடியிருந்து வருகிறேன். எனக்கு வயது ஐம்பத்தொன்று. ஒலிப்பதிவாளராக இருபத்தாறு வருடமாக ஒரே ஸ்டூடியோவில் வேலை பார்த்து வருகிறேன். அதற்கு முன்பு ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். அது இந்த வாக்குமூலத்துக்குத் தேவையில்லை என்று எழுத்தர் சொல்கிறார், இருந்தாலும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. இன்று காலை பத்தேகால் மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, மூக்குக் கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கும் பெண் எங்கள் ஸ்டூடியோவிலிருந்து ஒலிப்பதிவைத் திருடியதாகக் கொடுக்கப்பட்டிருக்கும் புகார் தவறு என்றும், அதை அவருக்குக் கொடுத்தது நான்தான் என்றும் ஆய்வாளர் அம்மாவிடம் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னார்.

எங்கள் தொழிலில் ட்ராக் பாடுவது என்று ஒன்று உண்டு. பெயர் பெற்ற பாடகர்கள் வருவதற்கு முன்னால், மெட்டு எப்படிப் போகிறது என்று அவர்கள் கேட்டுப் பழகிக்கொள்வதற்காக, வேறொருவரை வைத்து முழுப் பாட்டையும் பாடிப் பதிவு செய்து வைப்போம். பெரியவர்கள் வந்து பாடிய பிறகு அந்தக் குரலை வெளியே கேட்காதபடி கணினியில் மூடிவிடுவோம். அழிக்க மாட்டோம். ஆல்பம் வெளியாகும்வரை எதையும் அழிக்கக் கூடாது என்பது எங்கள் ஸ்டூடியோ வழக்கம். பதிவேட்டில் வாத்தியம் வாசித்தவர் பெயர், எந்த மைக், எத்தனை மணிக்கு ஆரம்பித்தோம் என்பதெல்லாம் இருக்கும். எத்தனை டீ வந்தது என்பதுகூட இருக்கும். ட்ராக் பாடியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ‘ட்ராக்’ என்று எழுதி விட்டுவிடுவோம். மேற்படி பெண் பதினொரு வருடமாக எங்களுக்கு ட்ராக் பாடி வருகிறார். கடையில் பார்வைக்கு அளவெடுக்கும் வேலை அவருக்கு. முதலாளியிடம் இரண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்டுக்கொண்டு வருவார், பாடுவார், போவார்.

புகாரில் கண்ட ஆல்பத்தில் மொத்தம் எட்டுப் பாட்டுகள். போன வருடம் பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் தொடங்கி ஏப்ரல் ஆறாம் தேதி முடிய எங்கள் ஸ்டூடியோவில் பதிவானது. ஆறு பாட்டுகளுக்கு முழு வாத்தியக் குழு, ஐந்தாவதற்கு கிடார் மட்டும், ஏழாவதற்கு பியானோவும் செல்லோவும் மட்டும். வாத்தியம் குறைந்தால் ஒலிப்பதிவாளருக்குத் தலைவலி அதிகம், ஏனென்றால் நாற்காலி முனகினால்கூடக் காதில் விழும். மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு மேற்படி பெண் வந்து ஏழாவது பாட்டுக்கு ட்ராக் பாடினார். ஒரே டேக். பாடி முடித்ததும் ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வழக்கம்போல் கிளம்பாமல் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். என்னவென்று கேட்டேன். “பதினொரு வருஷமா பாடுறேன்ணா, என் பொண்ணு நம்ப மாட்டேங்கிறா. ஸ்டூடியோவில பாடுறேன்னு சொன்னா, எந்தப் பாட்டு, காட்டுங்கிறா. நான் எதைக் காட்டுறது?” என்றார். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், கேள்வி கேட்பதில் அவளும் சளைத்தவள் இல்லை. அதனால் வாத்தியம் இல்லாத அந்தக் குரலை, நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடியை, அவருடைய போனில் ஏற்றிக் கொடுத்தேன். எதையும் வெளியே கொடுக்கக் கூடாது என்ற அறிவிப்பு எங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியதே நான்தான்.

அதன் பிறகு அதே வாரம் வெள்ளிக்கிழமை, அந்த ஆல்பத்தின் எட்டுப் பாட்டுக்கும் உரிய பெரிய பாடகி வந்து அந்தப் பாட்டைப் பாடினார். அன்று எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மோட்டாரைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார்கள். நான்கு மாடி ஏறி வந்த பாடகி, இருபது நிமிடம் சோபாவில் சாய்ந்தபடி, கட்டட முதலாளியின் குடும்பத்தில் ஒருவரையும் பாக்கி வைக்காமல் திட்டினார். அதன் பிறகு எழுந்து மூன்று டேக் பாடினார். மூன்றாவதை எடுத்துக்கொண்டோம்.

அதன் பிறகு மே மாதம் ஒன்பதாம் தேதி, ஏழாவது பாட்டின் எல்லா ஒலிகளையும் அளவாகச் சேர்க்கும் மிக்சிங் வேலையில் நானும் இசையமைப்பாளரும் இருந்தோம். இரண்டாவது சரணத்தில் ஒரு சொல்லைப் பாடகி அழுத்திச் சொல்கிறாரோ என்று இசையமைப்பாளருக்குச் சந்தேகம் வந்து, ட்ராக்கில் எப்படி இருந்தது என்று கேட்டார். நான் பாடகியின் குரலை மூடி, ட்ராக் குரலைத் திறந்து காட்டினேன். அந்த நேரம் பார்த்துச் சாப்பாடு வந்தது. எங்கள் இசையமைப்பாளர் நல்ல மனிதர், ஆனால் சாப்பாடு வந்துவிட்டால் அவருக்கு உலகம் அத்தோடு நின்றுவிடும். கை கழுவிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். நான் மூடியதைத் திறக்கவில்லை, திறந்ததை மூடவில்லை. இரண்டு குரலுக்கும் சாயல் ஒன்றுதான், அதற்காகத்தான் அந்தப் பெண்ணைக் கூப்பிடுவோம். திரையிலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் இருந்தன, நான் பெயரைப் பார்க்காமல் கைப்பழக்கத்தில் வேலை செய்தேன். இருபத்தாறு வருட அனுபவம் என்று வாய் கிழியப் பேசுகிறவன் செய்த வேலை இது.

அதன் பிறகு எட்டுப் பாட்டுகளையும் இசையமைப்பாளரும் வெளியீட்டு நிறுவனத்தின் மேலாளரும் உட்கார்ந்து கேட்டார்கள், ஏழாவதை மட்டும் இரண்டு முறை கேட்டார்கள். பெரிய பாடகி வீட்டில் கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்து, “மத்ததெல்லாம் சுமார்தான். ஏழாவதுல மட்டும்தான் நான் ஒழுங்கா பாடியிருக்கேன்” என்றார். ஆல்பம் ஜூன் பதினான்காம் தேதி வெளியானது. அந்த ஏழாவது பாட்டுத்தான் பேருந்து, கடை, கல்யாண மண்டபம் என்று எல்லா இடத்திலும் ஓடியது.

வெளியாகிப் பதினோரு நாள் கழித்து, காலை ஒன்பது மணி போல, முடிதிருத்தும் கடையில் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தேன். ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. இரண்டாவது சரணம் ஆரம்பிப்பதற்கு முன்னால், பியானோ ஓயும் இடத்தில், எங்கள் லிஃப்ட் நான்காவது மாடியில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஒரு உறுமல், அதன் பிறகு ஒரு டக். வேறு யாருக்கும் அது காதில் விழாது, எனக்கு விழும். லிஃப்ட் ஓடாத வெள்ளிக்கிழமை பாடிய பாட்டில் லிஃப்ட் எப்படி வந்தது என்று யோசித்துத் துள்ளி எழுந்துவிட்டேன். கடைக்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஆடாதீங்க சார், கழுத்து” என்றார். பாதி சவரத்தோடு ஸ்டூடியோவுக்கு ஓடிக் கணினியைத் திறந்து பார்த்தேன். பாடகியின் குரல் மூடியிருந்தது. ட்ராக் குரல் திறந்திருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருடம் நான்கு மாதம் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயமும், இத்தனை வருடம் சம்பாதித்த பெயர் ஒரே நாளில் சிரிப்பாய்ச் சிரித்துவிடும் என்ற பயமும்தான் காரணம். அந்தக் காலத்தில் மேற்படி பெண் குறைந்தது இருபது முறை ட்ராக் பாட வந்துபோனார். தன் குரல் அவருக்குத் தெரியாமலா இருக்கும். தன் குரலை வைத்துக்கொண்டது எல்லோரும் யோசித்து எடுத்த முடிவு, தன்னிடம் நேரம் பார்த்துச் சொல்வார்கள் என்று அவர் நினைத்துக் காத்திருந்திருக்கிறார். ஒரு முறை, “அண்ணா, அந்த ஏழாவது பாட்டு…” என்று ஆரம்பித்தார். நான், “ரொம்ப நல்லா வந்திருக்குல்லம்மா” என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அந்த ஹெட்போனில் அப்போது ஒன்றும் ஓடவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அதன் பிறகு இந்த வருடம் அக்டோபர் முதல் வாரத்தில், அதே ஆல்பத்தை இசைத்தட்டாக வெளியிடப் போவதாகவும், அதோடு பதிவு விவரங்கள் அடங்கிய சிறு புத்தகம் வைக்கப் போவதாகவும் நிறுவனம் அறிவித்தது. பாட்டு வாரியாகத் தேதி, வாத்தியம், மைக், குரல் என்று கட்டம் போட்ட தாளை எனக்கு அனுப்பி நிரப்பித் தரச் சொன்னார்கள். ஆறு பாட்டை ஒரே மூச்சில் நிரப்பினேன். ஏழாவதில் ‘குரல்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. எட்டாவதை நிரப்பிவிட்டுத் திரும்பி வந்தேன். ஒன்பது நாள் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. அதற்குள் அந்த அறிவிப்பைப் பார்த்த மேற்படி பெண், நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய், ஏழாவது பாட்டு தன் குரல் என்றும், புத்தகத்தில் தன் பெயரும் வர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். சாட்சிக்குப் போனில் இருந்த பதிவைப் போட்டுக் காட்டியிருக்கிறார். கேட்ட மேலாளர், வாத்தியம் சேர்க்காத மூலப்பதிவு உனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டிருக்கிறார். அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அதன் பிறகுதான் திருட்டுப் புகார்.

இந்தப் புகார் விவரமும், அவரை இரண்டு முறை நிலையத்துக்கு வரவழைத்து விசாரித்ததும், கடை முதலாளி வாடிக்கையாளர் முன்னால் நிற்க வேண்டாம் என்று அவரைப் பின்னறைக்கு அனுப்பியதும், முந்தாநாள் அவருடைய கணவர் ஸ்டூடியோவுக்கு வந்து சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் என்னைத் திட்ட வரவில்லை. வேறு யாராவது அந்தப் பதிவைக் கொடுத்திருப்பார்களா என்று விசாரிக்க வந்தார். வீட்டில்கூட என் பெயரைச் சொல்லியிருக்கவில்லை அந்தப் பெண். கணவர் போன பிறகு பத்து நிமிடம் நான் கன்ட்ரோல் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதேன்.

நேற்றுக் காலை பெரிய பாடகியின் வீட்டுக்குப் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. கொண்டுபோன இரண்டு குரலையும் போட்டுக் காட்டினேன். முதலில் ட்ராக், அதன் பிறகு அவர் பாடியது. முகம் சிவந்துவிட்டது. அதன் பிறகு தன்னுடையதை மறுபடி போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இதுவும் ஒண்ணும் மோசமில்லையே” என்றார். மோசமே இல்லை மேடம் என்றேன், அது உண்மை. “ஒரு வருஷமா மேடையில இதைப் பாடறதுக்கு முன்னாடி ரெக்கார்டைப் போட்டுக் கேட்டுட்டுப் போறேன்யா. எந்த இடத்துல மூச்சு வாங்கியிருக்கேன்னு பார்த்து அதே இடத்துல வாங்குறேன். அவகிட்டல்ல பாடம் கத்துக்கிட்டிருக்கேன்” என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது சிரித்துவிட்டார். அதன் பிறகு, ஏழாவது பாட்டின் குரல் தன்னுடையது அல்ல என்றும், உரியவர் பெயரைப் போடுவதில் தனக்கு முழுச் சம்மதம் என்றும் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

இதற்கெல்லாம் ஆதாரம் என்ன என்று ஆய்வாளர் கேட்டார். ஸ்டூடியோ பதிவேட்டையும், லிஃப்ட் கம்பெனி ஆள் தேதி போட்டுக் கையெழுத்து வைத்த நோட்டின் நகலையும் கொடுத்தேன். அதன் பிறகு ஆய்வாளரின் போனில் பாட்டைப் போட்டு, இரண்டு நிமிடம் பதினோரு விநாடியில் உன்னிப்பாகக் கேட்கச் சொன்னேன். மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். ஆய்வாளர் கேட்டார், எழுத்தர் கேட்டார், வாசலில் நின்ற காவலரும் வந்து கேட்டார். நான்காவது முறை எழுத்தர், “நின்னுடுச்சு” என்றார். ஆய்வாளர் உடனே வெளியீட்டு நிறுவனத்தின் மேலாளருக்குப் போன் செய்து, மூலப்பதிவைக் கொடுத்தவர் எதிரில் உட்கார்ந்திருப்பதாகவும், இதில் திருட்டு எதுவும் இல்லை என்றும் சொன்னார். பெரிய பாடகி ஏற்கெனவே பேசிவிட்டதாகவும், புத்தகத்தில் உரியவர் பெயரையே போடுவதாகவும், புகாரைத் திரும்பப் பெற்று எழுதித் தர மதியம் வருவதாகவும் மேலாளர் சொன்னார். என் வேலையைப் பற்றி ஸ்டூடியோ முதலாளி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எப்படி முடிவு செய்தாலும் அவரை நான் குறை சொல்லப் போவதில்லை.

விசாரணைக்காக இன்று வரச் சொல்லியிருந்ததால் மேற்படி பெண் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லி ஆய்வாளர் என்னை அனுப்பியபோது, அந்தப் பெண்ணிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், புகார் போய்விட்டது, புத்தகத்தில் உன் பெயர் வரும் என்றேன். அவர் முதலில் என் வேலையைப் பற்றிக் கேட்டார். பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அதன் பிறகு கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தார். சந்தோஷம்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். “அண்ணா, முதல் சரணத்துல மூணாவது வரியில ஒரு இடத்துல லேசா சுருதி இறங்கியிருக்கு. ட்ராக்தானேன்னு விட்டுட்டேன். பேர் வரும்னு தெரிஞ்சிருந்தா இன்னொரு டேக் கேட்டிருப்பேன். அதை மட்டும் திருத்திப் பாடிடவா?” என்றார். ஊர் முழுக்க அந்த வரியை அப்படித்தான் பாடுகிறது, இனிமேல் அதைத் தொட முடியாது என்று சொன்னேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “எனக்குக் கேக்குதே” என்றார். பதினொரு வருடத்தில் அவர் என்னிடம் கோபித்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. வாத்தியம் வாசிப்பவர்களும் பெரிய பாடகர்களும் தினமும் அப்படிக் கோபித்துக்கொள்வார்கள்.

நான் சொன்னதை எழுத்தர் எழுதி, முழுவதும் வாசித்துக் காட்டினார். ரேடியோ ரிப்பேரையும் சேர்த்து எல்லாம் சரியாக இருக்கிறது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எனக்குத் தெரிந்து, நான் செய்து, என் காதால் கேட்டவற்றை மட்டுமே சொல்லியிருக்கிறேன் என்றும், அடுத்தவர் வாயிலிருந்து கேட்டதை அப்படியே குறிப்பிட்டுச் சொல்லியிருக்கிறேன் என்றும் உறுதி கூறிக் கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)
ஒலிப்பதிவாளர்