மேனேஜர் அழித்த மாடிப்படி

"என் மாடிப்படி எங்க சார்? கஷ்டப்பட்டுப் போட்டது. அழிச்சுட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி நிக்கிறீங்க?"

"நான் எதுக்கும்மா உன் படிய அழிக்கப்போறேன்? எனக்கு வரையவும் தெரியாது, அழிக்கவும் தெரியாது."

"கம்ப்யூட்டர் உங்க பேரத்தான் காட்டுது."

"அது காட்டினா நான் அழிச்சதா ஆயிடுமா? அத்தான், நீங்களாவது சொல்லுங்க."

அத்தான், அதாவது எங்கள் முதலாளி, கம்ப்யூட்டர் திரையையே திரும்பத் திரும்பப் பார்த்தார். நான் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு டீ நன்றாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர், நான் எதையும் மறைப்பதில்லை.

வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிற ஆபீஸ் அது. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள் நான். எல்லோருக்கும் 'சிஸ்டம் அக்கா'. கீழே ஆபீஸ், மேலே முதலாளி வீடு. முதலாளியின் மனைவிக்கு ஒரே தம்பி. அவர்தான் மேனேஜர், அக்கா வீட்டிலேயே ஒரு அறையில் இருந்தார். படியைத் தேடிச் சத்தம் போட்டவள் எங்கள் வரைபடக்காரி. நல்ல பெண்தான், குரல்தான் கொஞ்சம் பெரிது.

வரைபட அறையில் ஒரே ஒரு பெரிய லினக்ஸ் இயந்திரம். ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு கீபோர்டு வைத்து எல்லோரும் அதிலேயே வேலை செய்வார்கள். வரைபடங்களும் அவரவர் சொந்த ஃபோல்டரும் பின்னறை சர்வரில் இருக்கும். யாராவது ஃபோல்டரைத் தொட்டால் அது சர்வரிலிருந்து தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரம் யாரும் சீண்டாவிட்டால் தானாகக் கழன்றுகொள்ளும். அந்த ஏற்பாடு என் கைவேலை. அதில் ஒரே ஒரு சொல் விட்டுப்போயிற்று. அவரவர் அவரவர் பெயரில்தான் உள்ளே போகவேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்கிற சொல். அது இல்லாவிட்டால், காலையில் முதலில் யார் தொடுகிறாரோ அவர் பெயரிலேயே மொத்த ஆபீஸும் உள்ளே போகும், வரும், எழுதும், அழிக்கும்.

மாடியிலிருந்து இறங்கி முதலில் வருகிறவர் மேனேஜர். எந்த ஃபோல்டருக்கும் போக அனுமதி உள்ளவரும் அவரே.

அது மறதி. மறதிக்கு யாரும் தண்டனை கொடுப்பதில்லை. சீக்கிரமே கண்டுபிடித்தும்விட்டேன். அந்தச் சொல்லைச் சேர்த்திருக்கலாம்தான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற ஏற்பாட்டில் கை வைக்கக்கூடாது என்பது எங்கள் தொழில் ஒழுக்கம்.

எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. திறந்திருக்கிற கதவைக் கண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது மரியாதை இல்லை, அவ்வளவுதான். எங்கள் கணக்கர் சொட்டைத் தலைக்கு எண்ணெய் பூசி, அதை வாரம் ஒரு படமாக எடுத்துத் தன் ஃபோல்டரில் வைத்திருந்தார். முன்னேற்றம் எதுவும் இல்லை. இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை, கேட்டவர்களைத் தவிர.

மேனேஜர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. போன் வந்தால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். "என்ன தம்பி, ரகசியமா?" என்றால், "ஒண்ணுமில்லக்கா" என்பார். அவருடைய ஃபோல்டரில் இருந்தது ஒரு கடைவாய்ப்பல்லின் எக்ஸ்ரே. வேறு எதுவும் இல்லை. ஒரு மனிதர் இப்படியா இருப்பார்? எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஒருவரின் மனதில் இருப்பது வெளியே வரவேண்டுமென்றால் அவரைச் சண்டையில் இறக்கவேண்டும். அதனால் ஒரு படுக்கையறை ஜன்னலைக் குளியலறைக்கு மாற்றி வைத்தேன். கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்தது. பிறகு இன்னொரு வீட்டின் குளியலறைக் கதவை எடுத்தேன். "உள்ள எப்படிங்க போறது?" என்று வீட்டுக்காரர் போனில் கேட்டார். மேனேஜர் அதற்கும் மன்னிப்புக் கேட்டாரே தவிர, மனதைத் திறக்கவில்லை. கடைசியில்தான் மாடிப்படி.

அன்று மாலை அவருடைய அக்காவே இறங்கி வந்துவிட்டார். "கூடப் பொறந்தவன்னு வீட்ல வெச்சா, உங்க அத்தான் பொழப்புலயே கை வெக்கிறியேடா. இனிமே என் வீட்டுப் படி ஏறாத."

"அந்தப் படியையும் நான் அழிக்கலக்கா" என்றார் தம்பி. அழுதுகொண்டே சொன்னதால் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

வேலையும் போய், தங்கிய அறையும் போய் அவர் கிளம்பியபோது, பெட்டியை டாக்ஸியில் ஏற்ற நான்தான் கை கொடுத்தேன். "நீங்க ஒருத்தர்தான்க்கா என்கிட்ட மனுஷியா நடந்துக்கிட்டீங்க" என்றார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு வரைபடக்காரிக்கு மண்டையில் ஏதோ உறைத்தது. நேராக என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, படி அழிஞ்ச நேரத்துல சார் பல்லு புடுங்கப் போயிருந்தாரே. நாற்காலியில வாயப் பொளந்துகிட்டே அழிச்சாரா?"

"போன்லயிருந்து அழிச்சிருப்பாரு."

"பல் டாக்டர்கிட்ட பேசவே பயந்து கதவ சாத்திக்கிட்டு பேசுற ஆளு. வாயில ஊசி குத்தும்போது அழிப்பாராக்கா?"

அப்போதுதான் அந்த போன் விஷயம் எனக்கே தெரிந்தது. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவள் திரும்பி முதலாளி அறைக்குப் போனாள். முதலாளி போலீஸில் புகார் கொடுத்தார், நீங்கள் இத்தனை மாதம் கழித்து வந்திருக்கிறீர்கள்.

ஆமாம், ஜன்னல், கதவு, படி மூன்றும் என் விரல்தான். அந்தச் சொல்லை அன்றைக்கே சேர்த்துவிட்டேன். அவரவர் பெயர் அவரவருக்கே.

வரைபடக்காரி மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவர் இருந்த ஊருக்குப் போனாள். போனவள் திரும்பவில்லை. அவரோடு அங்கேயே கல்யாணம் முடிந்தது. அக்காவும் அத்தானும் முன்னால் நின்று நடத்தினார்களாம். புதுத் தம்பதி சேர்ந்து சொந்தமாக ஒரு வரைபட ஆபீஸ் திறந்திருக்கிறார்கள். கணக்கரும் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குக் கல்யாணப் பத்திரிகைகூட வரவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அங்கே கம்ப்யூட்டர்களை இணைத்துக் கொடுக்க யாரோ முன்பின் தெரியாத ஆளை வைத்திருக்கிறார்களாம். காலம் கெட்டுக் கிடக்கிறது. யார் யார் ஃபோல்டரை அவன் திறந்து பார்க்கிறானோ என்று நினைத்தால் எனக்குச் சோறே இறங்கவில்லை.