ஒரே கூரைக்குக் கீழே ஒரு வருஷம்

— ஃபிரிட்ஜ்?

— அதுவும் பிரிச்சாச்சுக்கா. மேல் தட்டு அவளுக்கு, கீழ் தட்டு எனக்கு. அவளுக்கு மேல எட்டாது, அதனால நான்தான் எடுத்துக்…

— தம்பி.

— சொல்லுங்கக்கா.

— நான் உன் வக்கீல். வாக்குமூலம் எழுதுறேன், உன் கல்யாணக் கதை எழுதல. ஒரே வீட்ல இருந்தாலும் நீயும் உன் சம்சாரமும் ஒரு வருஷம் தனித்தனியா வாழ்ந்தீங்கன்னு ஜட்ஜ் நம்பணும். அப்பத்தான் விவாகரத்து.

— தெரியும்க்கா.

— வர்ற வெள்ளிக்கெழமையோட வருஷம் முடியுது. இன்னிக்கு நீ கையெழுத்துப் போட்டா, திங்கக்கெழம தாக்கல். சமையல்?

— தனித்தனி. உப்பு டப்பா மட்டும் ஒண்ணு.

— உப்ப விடு. துணி?

— அவ ஆஸ்பத்திரி சலவைலதானே வேல பாக்குறா. வீட்டுக்கு வந்தா மெஷின் பக்கமே திரும்ப மாட்டா. நான் போடும்போது அவளோடதையும் சேத்து…

— தம்பி!

— …போடணும்னு தோணும்க்கா. போடல. தோணும்னு சொல்ல வந்தேன்.

— தோணுறதுக்கெல்லாம் இங்க கட்டம் இல்ல. படுக்கை?

— எனக்கு ஹால்ல சோபா. முட்டி வரைக்கும்தான் சோபா, மிச்சக் கால் காத்துல.

— பேச்சுவார்த்தை?

— சீட்டு எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டுவோம். ‘பால் தீந்துடுச்சு.’ ‘குழாய் ஒழுகுது.’ ரெண்டு வாரம் முன்னாடி, ‘இருமல் இன்னும் நிக்கலயா?’ அப்படின்னு அவ எழுதினது ஒண்ணு.

— கிழிச்சுப் போட்டுட்டியா?

— எதுக்குக்கா கிழிக்கணும்?

— சரி… சரி. கடைசிக் கேள்வி. இந்த ஒரு வருஷத்துல எப்பவாவது புருஷன் பொண்டாட்டியா சேந்து இருந்தீங்களா? ஒரே ஒரு நாள் இருந்திருந்தாலும் வருஷத்த முதல்லேர்ந்து எண்ணணும். அதனால நல்லா யோசிச்சு…

— இருந்தோம்.

— என்னது?

— போன ஞாயித்துக்கெழம.

— அரை மணி நேரமா உப்பு, சோபான்னு கதை கேட்டுக்கிட்டிருக்கேன். இப்பச் சொல்ற?

— நீங்க இப்பத்தானேக்கா கேட்டீங்க…

— என்ன நடந்துச்சு? சொல்லு.

— மழை. அவளுக்கு லீவு. நான் வெங்காயம் நறுக்கினேன், அவ அடுப்புகிட்ட நின்னா. ஒரே தட்டுல சாப்பிட்டோம். அப்புறம் என் தோள்ல சாஞ்சா… அப்படியே தூங்கிட்டா. கை மரத்துப்போச்சு. எடுக்கல.

— ம்.

— நீங்க எழுதல.

— அவ ஏதாவது பேசினாளா?

— இல்ல. நானும் ஒண்ணும் கேக்கல. ‘எங்க இருக்க, பஸ் கெடச்சுதா, சாப்பிட்டியா’ன்னு ஒண்ணுமே கேக்கல. அதுதானேக்கா அவளுக்கு மூச்சு முட்டுது.

— ஒரு நாளைக்கு இருபது ஃபோனாமே.

— பதினாலு! பயம்க்கா… புது ஊரு. அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு யாரு சொல்லுவாங்க? ஆனா அன்னிக்குப் பயமே இல்ல. பக்கத்துலயே இருந்தாளே.

— அப்ப உன் கணக்குப்படி ஞாயித்துக்கெழமலேர்ந்து இன்னும் ஒரு வருஷம்.

— ஆமாக்கா. இன்னும் ஒரு வருஷம்… ஒரே வீட்ல.

— சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும் தம்பி. அவளும் அதையே சொல்லணும்.

— சொல்லுவா.

— அவ வாக்குமூலம் காலைலயே வந்துருச்சு. அவ வக்கீல் அனுப்பிட்டாரு.

— காலைலயேவாக்கா?

— நீயே சொல்லுவேன்னு பேசாம இருந்தேன். ஞாயித்துக்கெழமைக்கு மொத நாளே அவ வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டா. நீ சொல்ற அன்னிக்கு அந்த வீட்ல உன்னத் தவிர யாரும் இல்ல. இந்தா, தண்ணி குடி.

— வேணாம்க்கா.

— முதல்லேர்ந்து எண்ணினா அவ திரும்பி வந்து இருந்தாகணும்னு நெனச்சியா?

— ஒரே வீடுன்னுதானேக்கா எழுதியிருக்கீங்க…

— அவ எங்க இருந்தாலும் வருஷம் ஓடும் தம்பி.

— …அப்படியா.

— அப்படித்தான்.

— அப்ப பழைய தேதியே போடுங்க. எங்க கையெழுத்து? இங்கயா?

— இரு, அவசரமில்ல. நீ வேலைக்குப் போன நேரம் பாத்துப் போயிட்டாளா? ஒரு வார்த்த சொல்லிக்கலயா?

— ஐயோ, இல்லக்கா… நான் அன்னிக்கு லீவு போட்டுட்டேன். லிஃப்ட் வேல செய்யல, பெட்டி ரெண்டும் செம கனம். நாலு மாடியும் நான்தான் தூக்கிட்டு எறங்கினேன். டாக்சிக்காரர் வாங்க வந்தாரு… குடுக்கல. நானே ஏத்திவிட்டேன்.