நாலு மூடி டானிக்

எங்கள் இல்லத்தில் காலைத் தேநீருக்குச் சர்க்கரை தூக்கலாகவே இருக்கும். குடியை விட்டவர்களுக்கு நாக்கு இனிப்புக்கு அலையும். நான் சொல்லித்தான் சமையல்காரருக்கே அது தெரியும். ஆண்களுக்கான மறுவாழ்வு இல்லம், இருபது கட்டில். பதினோரு வருடமாக நான்தான் மேற்பார்வையாளன். அதற்கு முன்னால் அதே கட்டில்களில் ஒன்றில் கிடந்தவன்.

பத்து மணிக்கு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மனம் திறக்க வேண்டும். திறப்பார்கள். மகள் கல்யாணத்தில் விழுந்து கிடந்ததைச் சொல்லி மூக்கைச் சிந்துவார்கள். மத்தியானமே மீன் துண்டு சின்னதென்று சண்டை போடுவார்கள். முதலைகூட இவர்களைப் பார்த்தால் கூசும். ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். அழுகிறவன் எப்படியும் மறுபடி குடித்துவிட்டுத் திரும்பி வருவான். வந்து, "அண்ணே, நீங்க சொன்னதுதான் நடந்துச்சு" என்பான்.

வெல்டர் அழவில்லை. ஐந்தாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து செத்தாரே, அவரைத்தான் சொல்கிறேன். பதினெட்டு வருடம் குடித்தவர். நாற்பது நாளில் நடுக்கம் நின்று, ஆட்டம் கண்ட எங்கள் கட்டில்களை எல்லாம் பற்றவைத்துக் கொடுத்தார். ஞாயிறுதோறும் மனைவி வருவார். இருவரும் வாசல்படியில் உட்கார்ந்து எதையோ பேசிச் சிரிப்பார்கள். பதினோரு வருடத்தில் என்னைப் பார்க்க அந்தப் படியேறி யாரும் வந்ததில்லை. அது வேறு விஷயம்.

கடைசி நாள் வட்டத்தில் அவர் சொன்னார்: "சும்மா பயந்துட்டு இருந்திருக்கேன். இவ்வளவு சுலபம்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ விட்டிருப்பேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

புறப்படும்போது மனைவியிடம் ஒரு பாட்டில் கொடுத்தேன். "சத்து டானிக்மா. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி நாலு மூடி, சாயங்காலம் நாலு மூடி. நீங்களே அளந்து குடுங்க."

பாதிக்கு மேல் வோட்கா. டானிக்கின் வாசனை அதை அமுக்கிவிடும். சோதனை என்றுதான் நினைத்துச் செய்தேன். அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. வெல்டருக்கு முதல் மூடியிலேயே தெரிந்திருக்கும். பதினெட்டு வருட நாக்கு. துப்பியிருக்கலாமே, யார் தடுத்தது?

ஆறாம் நாள் அந்த அம்மா வந்தார்.

"அண்ணா, டானிக் தீந்துபோச்சு. ரெண்டு வேளை போதலைன்னு கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிச்சார். நேத்து கை லேசா நடுங்குச்சு. இன்னொரு பாட்டில் கிடைக்குமா?"

நீங்கள் கேட்டது முதல் பாட்டிலைப் பற்றி மட்டும். இரண்டாவதை நானாகவே சொல்கிறேன். எனக்கு ஒளிவுமறைவு கிடையாது. உள்ளே போய்க் கலந்து கொண்டுவந்தேன். இம்முறை டானிக் பெயருக்குத்தான், நிறம் வருவதற்காக. அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை அவர் அளந்து கொடுத்ததைக் குடித்துவிட்டுத்தான் வெல்டர் சாரம் ஏறியிருக்கிறார்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமையில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு குடிகாரனைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு என்ன குறை?