சாம்பல் பீப்பாய்கள்

முட்டைக்கோஸ் புளிக்கிற நாட்களில் சமையலறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேல்கோட்டில் ஏறிய வாடை ஜனவரி வரை போகாது. செர்பியாவில் பிறந்தவர்கள் இதற்காக மூக்கைப் பொத்திக்கொள்வதில்லை. விசாரிக்க வந்த நீங்களும் வீட்டில் ஒரு பீப்பாய் கோஸ் புளிக்கப் போட்டிருப்பீர்கள்.

நான் பொருளறிவியல் ஆய்வாளன். அனல் மின்நிலையம் எங்கள் ஊர் தலையில் கொட்டுகிற சாம்பலையும் பழைய பிளாஸ்டிக்கையும் கலந்து பீப்பாய் செய்யும் முறையை எங்கள் ஆய்வகத்தில்தான் உருவாக்கினோம். ஊர்க் குப்பை ஒழியும் என்று எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். பச்சைத் தண்ணீர் ஊற்றிச் சோதித்தார்கள், எதுவும் கரையவில்லை. இந்த நாட்டில் பீப்பாய் வாங்குகிறவன் அதில் தண்ணீரா பிடித்து வைப்பான்? நான் புளித்த கோஸ் நீரை ஊற்றிப் பார்த்தேன். சாம்பலில் இருந்த காரீய நஞ்சு அதில் இறங்கியது.

ஆய்வக இயக்குநர் மிலுதினிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"குடுவையில காட்டிட்டு மனுசனுக்கு ஆகாதுங்கிறியே, யாருக்குய்யா என்ன ஆச்சு? ஒரு ஆளைக் காட்டு, நாளைக்கே மூட்டை கட்டிடறேன்."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அடுத்த அறுவடைக்குள் அந்தப் பீப்பாய் நாடு முழுக்கக் கடைக்குப் போகவிருந்தது.

ஆகவே எங்கள் தெருவில் வீட்டுக்கொன்று இனாமாகக் கொடுத்தேன். எதிர்வீட்டுத் தெசாங்கா அக்கா தன் பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தே பார்த்தார்.

"பரவால்லயே, என் கனத்தையே தாங்குது. நீ படிச்ச படிப்பு இப்பத்தான் தம்பி தெருவுக்கு உதவியிருக்கு."

டிசம்பரில் அவர் வீட்டுக் குலப்புனிதரின் திருநாள். அதற்கு யாரையும் அழைப்பதில்லை, நாமாகப் போக வேண்டும். அந்தப் பீப்பாயில் புளித்த கோஸ் இலையில் அரிசி பொதிந்து வேகவைத்திருந்தார்கள். நான் வயிறு சரியில்லை என்று மீனோடு நிறுத்திக்கொண்டேன். அவர் மகள் யாஸ்னா அப்போது முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். மசக்கையில் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, எதைத் தின்னாலும் கொமட்டுது. இந்தக் கோஸ் தண்ணி ஒண்ணுதான் உள்ள தங்குது. குடிக்கலாமில்ல?"

"வாய்க்குப் பிடிச்சதைக் குடிம்மா," என்று நானே ஒரு தம்ளர் மொண்டு கொடுத்தேன்.

கர்ப்பிணியை வைத்து ஆராய எந்த அறநெறிக் குழுவும் அனுமதி தராது. நான் அவளைத் தேடிப் போகவில்லை, அது தானாக அமைந்தது.

மின்நிலையப் புகை யாரை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்கப் போவதாகச் சொல்லி, ஒரு செவிலியை வைத்துத் தெருவில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தேன். காரீயம் ஒழுங்காக ஏறிக்கொண்டு வந்தது. யாஸ்னா தலைவலி என்றாள், விரல்கள் மரத்துப்போகின்றன என்றாள். ஜனவரியிலேயே நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தியிருந்தால் எல்லாம் புகையால் வந்தது என்று மிலுதின் ஒரே வார்த்தையில் தள்ளியிருப்பார்.

மார்ச்சில் பிள்ளை வயிற்றிலேயே இறந்தது. நான் அழுதேன், அது நடிப்பில்லை. மறுநாள் முடிவுகளை அனுப்பினேன். மிலுதின் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு பீப்பாய்கூடக் கடைக்குப் போகவில்லை. எத்தனை தாய்மார்கள் பிழைத்தார்கள் என்பதை யாரும் என்னிடம் கேட்பதில்லை.

தெசாங்கா அக்கா மட்டும் ஒருநாள் வாசலில் வந்து நின்றார். "தம்பி, உனக்கு முன்னாடியே தெரியாதுல்ல?"

"தெரிஞ்சா குடுப்பேனாக்கா?" என்றேன். இந்த விவகாரத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதற்காக வருந்துகிறேன்.

எங்கள் வீட்டில் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டீர்கள். எங்கள் கோஸ் மட்டும் ஓக் மரப் பீப்பாயில் புளித்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தெருவில் ஒரு வீடாவது வேண்டுமல்லவா? என் மனைவியும் அப்போது உண்டாகியிருந்தாள் என்பது தற்செயல்.