பசிலியா முடிக்காத பாட்டு

உக்காருங்க, உக்காருங்க. காலையிலேர்ந்து அடிச்ச புயல் காத்து நின்னுடுச்சுதான், நானும் பாத்தேன். ஜன்னல் வழியா வெயில்கூட வருது. ஆனா கதவுகிட்ட யாரும் போகாதீங்க. பன்னீரு, உன்னைத்தான் சொல்றேன். உன் படகு கட்டின எடத்துல இருந்தா இருக்கும், இல்லேன்னா இல்ல. ஒரு கதை சொல்றேன். கதை முடிஞ்சதும் நானே கதவைத் தொறந்து விடறேன், போதுமா? முப்பது வருசம் கப்பல்ல சோறாக்கிப் போட்டவன், சொன்ன சொல்லு மாற மாட்டேன்.

ஒரே ஒரு தீவு, ஆனா அதுல ரெண்டு நாடு. மேக்கால ஹைத்தி. கிழக்கால டொமினிக்கன் குடியரசு, அங்க ஸ்பானிஷ் பேசுவாங்க. எங்க கப்பல் எஞ்சின் பழுதாகி மூணு மாசம் அங்க ஒரு துறைமுகத்துல கெடந்தோம். நடுவுல பெரிய பெரிய மலை, அடிவாரத்துல புகையிலையும் கோக்கோவும், கரைப்பக்கம் கண்ணுக்கெட்டின வரைக்கும் கரும்பு. ஒரே வீட்டுல அண்ணன் கருப்பு, தம்பி மாநிறம், தங்கச்சி செவப்பு. ஸ்பெயின்காரன் வந்தான், ஆப்பிரிக்காவுலேர்ந்து ஆளுங்களை அடிமையாக் கொண்டாந்தான், அதுக்கு முன்னாடியே அங்க ஆதிக்குடி இருந்துச்சு. எல்லாம் கலந்த ரத்தம். புயலுக்கு உராகான்னு பேரு வெச்சதே அந்த ஆதிக்குடி ஜனங்கதானாம்.

அந்த நாட்டுல ஆத்தோரமா ஒரு ஊரு, லா பல்மீத்தா. நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல அங்க பசிலியான்னு ஒருத்தி இருந்தாளாம். ஆத்துல துணி தொவைச்சுப் பொழைச்சவ. ஆளு வாசலை அடைச்சுக்கிட்டு நிப்பாளாம். புருசன் செத்தப்போ அவனோட அக்கார்டியனை, அதான் தோள்ல மாட்டித் துருத்தியை இழுத்து இழுத்து வாசிக்கிற பெட்டி, அதைத் தானே எடுத்து வாசிக்கப் பழகிட்டாளாம். பொம்பளை அக்கார்டியன் வாசிக்கிறதான்னு ஊரு சிரிச்சுச்சாம். வாசிச்ச பிறகு சிரிச்ச ஊரே ஆடுச்சாம்.

அவங்க ஆட்டத்துக்கு மெரெங்கேன்னு பேரு. அக்கார்டியன் ஒண்ணு, மடியில வெச்சு அடிக்கிற மத்தளம் ஒண்ணு, தேங்கா துருவுற மாதிரி சரக்கு சரக்குன்னு தேய்க்கிற தகரம் ஒண்ணு. அவ்வளவுதான், கால் சும்மா இருக்காது. ஆனா அந்த ஊர்ல ஒரு கட்டுப்பாடு. பாட்டு ஓடும்போது நடுவுல எழுந்து வெளிய போகக் கூடாது. போனா வாசிக்கிறவங்களைக் கேவலப்படுத்தின மாதிரி. ஊருக்கே ஆடு அடிச்சு விருந்து போடணும். இன்னொண்ணு, பாட்டுல உங்க பேரைச் சொல்லிட்டா, அந்த அடி முடியிற வரைக்கும் நீங்க ஆடியே தீரணும்.

ஒரு நா காலையில வடக்கேர்ந்து புயல் அடிச்சுச்சாம். ஊரு மொத்தமும் பழைய சர்க்கரை ஆலைக்குள்ள போய்ப் பூந்துக்கிச்சு. கருங்கல் சுவரு, ஒரே கதவு. நாலு மணி நேரம் பேயாட்டம். அப்புறம் திடீர்னு காத்து நின்னுச்சாம். வெயில் வந்துச்சாம். எங்கேயோ கடல்ல திரியிற பறவையெல்லாம் சோர்ந்து போய் முத்தத்துல வந்து விழுந்துச்சாம்.

ஜனங்க "முடிஞ்சுது, முடிஞ்சுது"ன்னு எழுந்துட்டாங்க. பசிலியா கத்தினாளாம், "முடியலய்யா! இது புயலோட நடுவாந்தரம். எங்க அப்பன் இப்படித்தான் கூரை ஓலை பொறுக்கப் போனாரு. கால் மணி நேரத்துல தெக்கேர்ந்து அடிச்சுது. திரும்பி வரவே இல்ல."

"அப்ப உனக்கு அஞ்சு வயசு, உனக்கென்ன தெரியும்"ன்னாராம் தோன் எவாரிஸ்தோ. தோன்னா நம்ம ஊரு ஐயா மாதிரி. ஊர்ல பெரிய மனுசன், சேவல் சண்டைக்காரரு. அவரு சேவலுக்குப் பேரு தளபதி. வர்ற அவசரத்துல அதைக் கூண்டோட வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டாரு. "தளபதி தனியா இருக்கான், நான் போறேன்"னாராம். அவரு போனா ஊரே பின்னாடி போகும்.

பசிலியா பாத்தா. சொன்னா கேக்கிற ஜனமா இது? அக்கார்டியனை எடுத்து மாட்டினா. வாசிக்க ஆரம்பிச்சுட்டா!

ஆடு யாரு அடிக்கிறது? எல்லாரும் நின்னுட்டாங்க. கால் தானா ஆட ஆரம்பிச்சுடுச்சு. எவாரிஸ்தோ மட்டும், "ஆடு என்ன, ரெண்டு ஆடாவே அடிக்கிறேன்"னு சொல்லிக்கிட்டு கதவுத் தாழ்ப்பாளைப் பிடிச்சாராம். எச்சக்கையால காக்கா விரட்டாத மனுசன்! அவரு வாயிலேர்ந்து ரெண்டு ஆடு! சேவல் மேல அவ்வளவு பாசம்.

ஒடனே பசிலியா பாட்டைத் திருப்பினாளாம். "எவாரிஸ்தோ வளர்த்த தளபதிக்கு ஏழு ஊரும் சலாம் போடும்"னு ஒரு அடி. பேரு வந்துடுச்சே! தாழ்ப்பாளை விட்டுட்டு ஆடுனாராம். அடி முடிஞ்சுச்சு, மறுபடி தாழ்ப்பாள். "எவாரிஸ்தோ மீசை எழும்பினா தளபதி கொண்டையும் எழும்பும்"னு இன்னொரு அடி. மறுபடி ஆட்டம். தாழ்ப்பாள், ஆட்டம். தாழ்ப்பாள், ஆட்டம். ஜனங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க. அவ விரல்ல ரத்தம் வருது, பாட்டை முடிக்கல. மனசுக்குள்ள அப்பனைக் கூப்பிட்டுக்கிட்டே வாசிச்சாளாம். அவளுக்குச் சிரிப்பு வரல பாத்துக்குங்க, அவளுக்கு அழுகைதான் வந்துச்சு.

பன்னீரு, எங்க போற? உக்காரு. இங்க வந்து என் பக்கத்துல உக்காரு.

முக்கால் மணி நேரம். அப்புறம் டர்ருன்னு ஒரு சத்தம். அக்கார்டியன் துருத்தி கிழிஞ்சு போச்சு. வெறும் காத்துதான் வருது. எவாரிஸ்தோ தாழ்ப்பாளைத் தூக்கிட்டாரு. "இனிமே பாட்டு இல்ல, போறேன்."

பசிலியா கிழிஞ்ச பெட்டியைக் கீழ போட்டுட்டு வெறும் வாயால பாடுனாளாம், "எவாரிஸ்தோ, எவாரிஸ்தோ, எவாரிஸ்தோ." வேற வார்த்தையே இல்ல. பேரு மட்டும். ஊரு மொத்தமும் கை தட்டிக்கிட்டு கூடப் பாடுச்சாம், "எவாரிஸ்தோ, எவாரிஸ்தோ." மனுசன் என்ன பண்ணுவாரு? திட்டிக்கிட்டே ஒரு சுத்து சுத்தினாராம். அந்த ஒரு சுத்துதான். தெக்கேர்ந்து அடிச்சுது பாருங்க! வாசல்ல நின்ன மகோகனி மரம் வேரோட பேந்து கதவுக்கு முன்னாடி விழுந்துச்சு. அவரு கால் வெச்சிருக்க வேண்டிய எடம்.

மறுநா பின்பக்க ஜன்னல் வழியா நாலு ஆளை வெளிய தூக்கி விட்டு, மரத்தை நகட்டி எல்லாரும் வெளிய வந்தாங்க. ஊர்ல ஒரு வீடு நிக்கல. ஆனா ஒரு உசிரு போகலியாம். தளபதி? ரொட்டி சுடுற மண் அடுப்புக்குள்ள உக்காந்திருந்தானாம், வாலு இறகு ஒண்ணு இல்லாம. எவாரிஸ்தோ சேவலைக் கட்டிக்கிட்டு அழுதாரு, அப்புறம் பசிலியா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. தாழ்ப்பாளைத் தொட்ட குத்தத்துக்கு ரெண்டு ஆடும் அடிச்சாரு.

"இனிமே கதவுக்குக் காவல் நீதான்யா"ன்னாளாம் பசிலியா. "தொறக்கத் துடிச்சவனுக்குத்தான் தொறக்கக் கூடாதுன்னு தெரியும்."

அந்த மரம் இன்னும் ஆலை வாசல்ல பெஞ்சாக் கெடக்குது, நான் அதுமேல உக்காந்திருக்கேன். புயலு நடுவுல காத்து நின்னா அந்த ஊர்ல அக்கார்டியனை எடுத்துடுவாங்க, பாட்டை முடிக்க மாட்டாங்க. எவாரிஸ்தோ வம்சத்து ஆளு ஒருத்தன் கதவுல முதுகைச் சாய்ச்சு நிப்பான். எனக்கு இதைச் சொன்னதே அப்படி நின்ன ஒருத்தன்தான், அவரோட பேரன்.

என்ன பன்னீரு, கதை முடிஞ்சுதான்னு கேக்கிறியா? காலையில வடக்கேர்ந்துதானே அடிச்சுது? இப்ப காதைக் குடு. கேக்குதா? தெக்கேர்ந்து வருது. போ, போய் கதவுல முதுகைச் சாய்ச்சு நல்லா அழுத்தி நில்லு. உன்னை விட்டா இங்க வேற யாரு அந்த வேலைக்கு?