வாலில்லாத ஆவும் வழிமறித்த பிரிட்ஜும்

அவைக்குத் தலைமை ஏற்று, சாக்குக்கட்டியை ஆயுதமாகக் கையில் ஏந்தி, ஆனாலும் புன்னகையோடு அமர்ந்திருக்கும் எங்கள் டீச்சரம்மா அவர்களே! வயதில் மூத்த, வகுப்பில் இளைய, வாய் மட்டும் ஓயாத பெரியோர்களே! பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பேரப்பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பி, கடைசியில் தாங்களும் பள்ளிக்கு வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! முதல் வரிசையில் முக்கால் தூக்கத்தில் இருக்கும் என் மகனே! அவனை முழங்கையால் இடித்து எழுப்பிக்கொண்டிருக்கும் மருமகளே! எல்லாருக்கும் மேலாக, மூன்றாவது நாற்காலியில், "இந்த மனுஷன் என்னத்தையெல்லாம் சொல்லப்போறாரோ" என்று முந்தானையால் முகத்தை மறைத்திருக்கும் என் இல்லத்தரசியே! உங்கள் அனைவருக்கும் வணக்கத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பொறுத்திருங்கள்.

முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். என் கையில் இருக்கும் இந்தத் தாள்கள் அத்தனையும் நானே எழுதியவை. பதினோரு நாள் எழுதினேன். ஒரு எழுத்து மேடு ஏறுகிறது, அடுத்த எழுத்து பள்ளத்தில் இறங்குகிறது. கோடு போட்ட தாள்தான். ஆனால் கோட்டுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் நான் பேச்சை நிறுத்தினால், கிழவன் உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் என்று கை தட்டிவிடாதீர்கள். என் எழுத்து எனக்கே புரியவில்லை என்று அர்த்தம்.

"எழுத்தின் பயன்" என்று டீச்சரம்மா தலைப்புக் கொடுத்தார். நான் பேசப்போவது குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி. இந்தப் பெயரை ஒரு முறை எழுத எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. ஆகவே இனிமேல் பிரிட்ஜ்.

எங்கள் வீட்டில் ஒரு பிரிட்ஜ் இருந்தது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் "பெரியவர்". இருமுவார், உறுமுவார், திடீரென்று குலுங்குவார், பிறகு சமாதானம் ஆகி ஓடுவார். போன மாதம் ஒரு நாள் காலையில் பெரியவர் குலுங்கினார், நின்றார். அதற்குப் பிறகு அவர் உறுமவே இல்லை. தட்டினோம், உலுக்கினோம், மகன் பின்பக்கம் போய் ஊதிக்கூடப் பார்த்தான். என் மனைவி கதவைத் திறந்து பாலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவ்வளவுதாங்க. உள்ளே வெயில் அடிக்குது."

புதியது வாங்க வேண்டும். வாங்குவது பெரிதா? இல்லை. பணம் பெரிதா? அதுவும் இல்லை. பெரிது எது? இடம்! எங்கள் சமையலறையில் பிரிட்ஜுக்கு என்று ஒரு பொந்து இருக்கிறது. வலப்பக்கம் சுவர். இடப்பக்கம் கல் மேடையும் அலமாரியும். தலைக்கு மேல் பரண். அந்தப் பொந்துக்குள் போனால்தான் பிரிட்ஜ், போகாவிட்டால் அது வெறும் இரும்பு. அந்தப் பொந்தைக் கட்டியவர் யார்? இதோ, உங்கள் முன்னால் நிற்கும் நான்!

நாற்பத்திரண்டு வருடம் கொத்தனார் வேலை பார்த்தவன் நான். சாந்து பூசும் கரணை பிடித்த கை இது. எத்தனை சுவர், எத்தனை படி, எத்தனை வாசல்! எல்லா அளவும் கயிற்றில் முடிச்சாக இருந்தது, இல்லாவிட்டால் தலைக்குள் இருந்தது. தாளில் எழுதியது கிடையாது. எழுதத் தெரிந்தால்தானே!

மருமகள் சொன்னாள், "மாமா, நான் அளந்து போன்ல போட்டுக்கறேன்." மகன் சொன்னான், "அப்பா, நீங்க கயித்தையே எடுத்துட்டு வாங்க, போதும்." நான் எழுந்து நின்றேன். "வேண்டாம். நான் எழுதுறேன்!" என்றேன்.

இந்த முதியோர் வகுப்பில் சேர்ந்து அப்போது ஏழு மாதம். அதுவரை நான் எழுதியதெல்லாம் டீச்சரம்மாவுக்காக எழுதியது. வீட்டுக்கு உதவும் ஒரு காரியத்துக்கு நான் எழுதப்போகும் முதல் எழுத்து அது. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இத்தனை வருடமும் எனக்கு வந்த கடிதம், கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு எல்லாம் படித்துச் சொன்னவள்.

டேப்பை நீட்டினேன். அளந்தேன். அகலம், ஆழம், உயரம் என்று முழுவதும் எழுதினால் அதற்குள் கடையை அடைத்துவிடுவார்கள். ஆகவே முதல் எழுத்து மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். கொத்தனார் எப்போதும் ஆழத்தைத்தான் முதலில் பார்ப்பான். அந்தப் பழக்கத்தில் ஆழத்தை முதலில் எழுதினேன். எழுபத்திரண்டு சென்டிமீட்டர். அடுத்தது அகலம். அறுபத்திரண்டு. கடைசியில் உயரம். நூற்று அறுபத்தெட்டு. மூன்று வரி! எழுதி முடித்தபோது வீடு கட்டி முடித்ததைவிட நிமிர்ந்து நின்றேன்.

கடைக்குப் போனோம். விற்பனைக்காரத் தம்பி ஓடி வந்தார். "வாங்க ஐயா, அகலம் எவ்வளவு வேணும்?" என்று கேட்டார்.

"கேக்காதீங்க தம்பி. படிங்க. எழுதியிருக்கேன்."

அவர் தாளை வாங்கினார். மனதுக்குள் படித்தார். "எழுபத்திரண்டு, அறுபத்திரண்டு, நூத்தி அறுபத்தெட்டு. சரிதானுங்களா?"

"நூத்துக்கு நூறு சரி!"

ஒரு பிரிட்ஜின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அதன் உயரம் என்ன, மினுக்கம் என்ன, இரண்டு கதவு என்ன! என் கொத்தனார்க் கண் சொன்னது: "டேய், இது பெரிசுடா." கையில் இருந்த தாள் சொன்னது: "சரியாகத்தான் இருக்கிறது." நாற்பத்திரண்டு வருடக் கண்ணா, ஏழு மாத எழுத்தா? நான் எழுத்தின் பக்கம் நின்றேன்!

என் மனைவி என் சட்டையை இழுத்தாள். "என்னங்க, நம்ம பொந்துக்கு இது கொஞ்சம் பெரிசா தெரியுதே."

"எழுத்துல இருக்கும்மா. எழுத்துக்கு மேல பேச்சு கிடையாது."

அவளுக்கு இரண்டே இரண்டு நிபந்தனைதான். கதவு சுவரில் முட்டக் கூடாது, கீழே இருக்கும் காய்கறித் தட்டு முழுவதுமாக வெளியே வர வேண்டும். பெரியவரிடம் அந்தத் தட்டு பாதிதான் வரும். பின்பக்கம் போன தக்காளியை எடுக்க அவள் இத்தனை வருடம் தோள் வரை கையை விட்டுத் துழாவியிருக்கிறாள். அந்தத் தட்டை இழுத்துப் பார்த்தாள், முழுவதும் வந்தது. சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் பிரிட்ஜ் வந்தது. சுமந்து வந்தவர்கள் இரண்டு பேர். முதலில் பெரியவரை வெளியே எடுத்து வண்டியில் ஏற்றினார்கள். பிறகு புதியவரைச் சமையலறைக்குள் கொண்டுபோனார்கள். தள்ளினார்கள். நகரவில்லை. திருப்பித் தள்ளினார்கள். "டொங்" என்றது. அதில் மூத்தவர் வெளியே வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, இது போகாது."

"போகும். எழுதியிருக்கு."

"எழுதியிருந்தாலும் போகாதுங்க."

அளந்து பார்த்தார்கள். எட்டு சென்டிமீட்டர் அதிகம். மகன் தாளைத் தேடி எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அப்பா, இதுல ஆழம் எங்க?"

"முதல் வரிடா."

"முதல் வரியில அ இருக்கு."

"அது ஆ."

"அ, அப்பா."

"ஆடா!"

"அப்ப வால் எங்க?"

வாங்கிப் பார்த்தேன். முதல் வரியில் அ. இரண்டாவது வரியிலும் அ. அண்ணன் தம்பி மாதிரி இரண்டும் மேலும் கீழுமாக நிற்கின்றன. ஆழம் என்று நான் எழுதியதை அகலம் என்று கடைத் தம்பி படித்திருக்கிறார். அவர் மேல் என்ன குற்றம்? டீச்சரம்மா எங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்? "ஆ என்றால் பசு. பசுவுக்கு வால் உண்டு. மறந்துடாதீங்க." நான் மறந்தேன்! வாலில்லாத பசுவை ஓட்டிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறேன்!

சிரியுங்கள், சிரியுங்கள். பின்வரிசையில் அதிகமாகச் சிரிக்கும் தையல்கார அண்ணனைப் பார்த்து ஒன்று கேட்கிறேன். போன வாரம் நீங்கள் "பட்டன்" என்று எழுதப் போய், புள்ளி வைக்க மறந்து "படடன" என்று எழுதினீர்களே, நான் சிரித்தேனா? ...சிரித்தேன். சரி, நீங்களும் சிரியுங்கள்.

பெரியவர் போய்விட்டார். புதியவர் பொந்துக்குள் போகவில்லை. எங்கே நிற்பார்? நடுக்கூடத்தில் நின்றார். மறுபடி அட்டைப் பெட்டியை மாட்டிக்கொண்டு டிவிக்கு முன்னால் நின்றார். மருமகள் தொடரைக் காதால் மட்டும் பார்த்தாள். மகன் குளிக்கப் போகும்போதெல்லாம் அதை ஒரு சுற்றுச் சுற்றினான். கோயில் வலம் வருவது போல இருந்தது. பால் திரிந்தது. மறுநாளும் திரிந்தது. என் மனைவி மூன்று வேளையும் புதிதாகச் சமைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். "நான் கட்டுன சுவர்தானே. எட்டு சென்டிமீட்டர் கொத்திடறேன்!" என்றேன்.

மருமகள் ஓடி வந்து சுவருக்கு முன்னால் கை விரித்து நின்றாள். "மாமா! அந்தப் பக்கம் குளியலறை! பிரிட்ஜைத் திறந்தா நான் குளிக்கறது தெரியணுமா?"

உளியைக் கீழே வைத்தேன். என் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நடுக்கூடத்தில் நின்ற அந்தப் பெட்டியின் தலையில் வைத்தேன். "இனிமே வகுப்புக்குப் போகல. எனக்குக் கயிறு போதும்" என்றேன். அன்றைக்கு நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னேன். அப்படியே விட்டிருந்தால், இந்த மேடையில் இன்று என் இடத்தில் வேறு ஒருவர் நின்றிருப்பார்.

மூன்றாம் நாள் மகன் கடைக்குப் போன் போட்டுப் பேசினான். ஏழு நாளுக்குள் மாற்றித் தருவார்களாம். ஆனால் ஒரு நிபந்தனை. என்ன காரணத்தால் மாற்ற வேண்டும் என்று, வாங்கியவர் எழுத்தில் தர வேண்டுமாம்!

வாங்கியவர் யார்? நான்! "நானே எழுதிடறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றான் மகன். அப்போதுதான் என் மனைவி வாயைத் திறந்தாள். முக்காலியைப் போட்டு ஏறினாள். நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். தூசியைத் தட்டினாள்.

"என்னங்க, நீங்க கட்டுன முதல் சுவர் என்ன ஆச்சு?"

"அது எதுக்கு இப்போ?"

"சொல்லுங்க."

"...சாஞ்சது."

"மேஸ்திரி என்ன பண்ணார்?"

"இடிச்சுக் கட்டச் சொன்னார்."

"கட்டுனீங்களா, கரணையைத் தூக்கிப் போட்டுட்டு வந்தீங்களா?"

"கட்டுனேன்."

"அப்ப உக்காருங்க. இதையும் கட்டுங்க." அவ்வளவுதான் சொன்னாள். போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

உட்கார்ந்தேன். காலையில் உட்கார்ந்தவன் சாப்பாட்டு நேரத்தில் எழுந்தேன். அந்தக் கடிதம் இதோ இருக்கிறது. கேளுங்கள்:

"கடைக்கார ஐயாவுக்கு. பெட்டி நல்ல பெட்டி. உங்கள் மேல் குறை இல்லை. நான் கொத்தனார். ஆழத்தை முதலில் எழுதினேன். ஆவுக்கு வால் போட மறந்தேன். அகலம் 62. ஆழம் 72. உயரம் 168. கதவு சுவரில் முட்டக் கூடாது. மாற்றித் தர வேண்டும். வீட்டில் பால் திரிகிறது."

கடை மேலாளர் அதை ஒரு முறை படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் புரியுது ஐயா. ஆனா இந்த ஆவுக்கு மட்டும் வால் ஏன் அடுத்த வரி வரைக்கும் போகுது?"

"போன தடவை விட்டுப் போனதையும் சேர்த்துப் போட்டிருக்கேனுங்க."

கடையே சிரித்தது. மாற்றித் தந்தார்கள். ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் அகலம், காற்றுப் போக இரு பக்கமும் இரண்டு இரண்டு சென்டிமீட்டர் இடம். அதே இரண்டு பேர் சுமந்து வந்தார்கள். பொந்துக்குள் தள்ளினார்கள். இம்முறை "டொங்" இல்லை. கதவு திறந்தது, சுவர் தப்பித்தது. என் மனைவி குனிந்து காய்கறித் தட்டை இழுத்தாள். வந்தது, வந்தது, முழுவதும் வந்தது! "ஆ!" என்றாள். பெரியோர்களே, தாய்மார்களே, அந்த ஆவுக்கு வால் இருந்தது! என் காதாலேயே பார்த்தேன்!

இப்போது கேட்கிறேன். எழுத்தின் பயன் என்ன? எழுபது வயது வரை நான் ஒரு எழுத்துப்பிழைகூடச் செய்ததில்லை. ஏன்? எழுதியதே இல்லை! பிழை செய்யவும் ஒரு தகுதி வேண்டும். அந்தத் தகுதியை இந்த வகுப்பு எனக்குக் கொடுத்தது. சுவர் சாய்ந்தால் சுவரைத்தான் இடிக்க வேண்டும், கையை வெட்டக் கூடாது. எழுத்து சாய்ந்தால் எழுத்தைத்தான் அழிக்க வேண்டும், நோட்டை மூடக் கூடாது. சாய்த்து எழுதுங்கள்! கோணி எழுதுங்கள்! கோட்டுக்கு மேலே எழுதுங்கள், கோட்டுக்குக் கீழே எழுதுங்கள்! ஆனால் எழுதுங்கள்! உங்கள் கையால் எழுதுங்கள்!

கை தட்டியது போதும். டீச்சரம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். வீட்டில் சலவை இயந்திரம் இரண்டு நாளாக உறுமுகிறது. மருமகளே, போனை எடுக்காதே. அடுத்த வாரம் அதன் அளவை நான்தான் எழுதுவேன். இம்முறை அகலம், ஆழம் என்று முழுவதுமாக எழுதுவேன். கடை அடைத்தாலும் பரவாயில்லை.

நன்றி என்ற சொல்லில் ந, றி என்று இரண்டு எழுத்துகளுக்கு வால் உண்டு. நிதானமாக எழுதினேன், இரண்டும் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள்: எனக்குப் படிப்புத் தந்த டீச்சரம்மாவுக்கு நன்றி, முக்காலி போட்டு ஏறியவளுக்கு நன்றி. இன்னொரு சொல் பாக்கி வைத்திருக்கிறேன். அதில் வாலே கிடையாது. மறக்க வழியே இல்லாத சொல். அதனால்தான் கடைசிக்கு வைத்தேன், தாளைப் பார்க்காமலே சொல்கிறேன்:

வணக்கம்.